டெபியனும் ஆர்ச்சும்: பேக்கேஜை எங்கே வெட்டுவது?

வீட்டு லேப்டாப்பில் டெபியன், வேலை பார்க்கும் மெஷினில் ஆர்ச் என்று இரண்டு லினக்ஸ் வகைகளைப் பல வருடமாகப் புழங்குகிறேன். ஒரே மென்பொருளை டெபியன் பல பேக்கேஜ்களாக, அதாவது தனித்தனியாக நிறுவும் கட்டுகளாக, துண்டு துண்டாகத் தரும், ஆர்ச் முழுசாகத் தரும். பிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை, வெட்டுகிற இடத்தில்தான் சண்டை.

பைத்தான் நிரல்மொழியையே எடுத்துக்கொள்வோம். டெபியனில் பைத்தான் 3 இருக்கும். ஆனால் வென்வ் (ஒரு புராஜெக்டுக்கென்று தனி பைத்தான் சூழல்) உருவாக்கப் போனால், என்ஷ்யூர்பிப் (அதற்குள் பிப் நிறுவியைப் போடும் பகுதி) இல்லை, அதற்கான பேக்கேஜைத் தனியாகப் போடு என்று நின்றுவிடும். ஜன்னல், பட்டன் வரையும் டிகின்டரும் தனி. பைத்தானை எழுதியவர்களே ஒன்றாகக் கொடுப்பதை நடுவில் எதற்குப் பிரிக்க வேண்டும்? புதிதாகப் படிக்க வருபவர் முதல் பாடத்திலேயே திணறிப்போவார்.

சி மொழி நூலகங்களில் இதே பிரிப்பு எனக்கு உறுத்தவில்லை. குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் மெஷினில் இருக்கும், கம்பைல் செய்தால் அதற்கு மட்டும் தேவைப்படும் எஸ்எஸ்எல் ஹெட்டர் ஃபைலைக் காணோம் என்று எர்ரர் வரும். பெயருக்குப் பின்னால் 'டெவ்' ஒட்டிய பேக்கேஜைப் போட்டால் தீர்ந்தது. எதையும் கம்பைல் செய்யாத சர்வருக்கு ஹெட்டர் ஃபைல் எதற்கு? ஆர்ச்சில் ஹெட்டரும் கூடவே வந்துவிடும். கொஞ்சம் இடம் போகும், தலைவலி இல்லை.

அதற்காக ஆர்ச் எதையுமே பிரிக்காது என்றில்லை. 2025 ஜூனில் லினக்ஸ் ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) இன்டெல், என்விடியா என்று நிறுவன வாரியாக உடைத்தார்கள். அந்த அப்டேட்டின்போது, என்விடியா ஃபைல்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று ஆர்ச்சின் நிறுவியான பேக்மேன் மறுத்துவிட்டது. ஆர்ச் அறிவிப்பில் சொன்னபடி, எது எதைச் சார்ந்தது என்ற டிபெண்டன்சி பார்க்காமல் பழையதை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டியிருந்தது. ஆனாலும் இந்த வெட்டு எனக்குப் பிடித்தது. பழைய பெயரில் போட்டால் வழக்கமானவை எல்லாம் வந்துவிடும். தன் மெஷினில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர், வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பைத்தானில் அப்படி இல்லை. எது இல்லை என்பதே எர்ரர் வந்த பிறகுதான் தெரியும்.

இவ்வளவு பிரிக்கிற டெபியனுக்கு, பல மொழிகளுக்கான நோட்டோ எழுத்துருவில் மட்டும் கை ஓய்ந்துவிட்டது போல. தமிழுக்காக நோட்டோ கோர் பேக்கேஜைப் போட்டால், பெயரே கேள்விப்படாத லிபிகளெல்லாம் கூட வந்து லிப்ரே ஆபீஸின் ஃபான்ட் பட்டியலை நிரப்பிவிடும். ஆர்ச்சிலும் இதே கதைதான். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் நோட்டோ தமிழ் தனி பேக்கேஜ்; இந்த ஒரு விஷயத்தில் அவர்கள்தான் கெட்டி. டெபியனில் லோஹித் தமிழ் எழுத்துரு தனியாகக் கிடைக்கிறது, அன்றாட வேலைக்கு அதுவே போதும். அச்சுக்குப் போகிற கோப்பு என்றால், நோட்டோவின் தமிழ் ஃபைல்களை மட்டும் ஹோம் டைரக்டரிக்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கையால் போட்டுக்கொள்வேன்.