'அகாய் ரியூ' விதை என்று விற்கப்படுவதை வாங்காதீர்கள்

இலை நுனியில் உள்ள பொறியால் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியில் 'அகாய் ரியூ' என்றொரு ரகம் உண்டு. ஜப்பானிய மொழியில் சிவப்பு டிராகன் என்று பொருள்படும் இப்பெயர் 1996-இல் பதிவு செய்யப்பட்டது. 'ரெட் டிராகன்' என்ற பெயரிலும் இதே ரகத்தைத்தான் விற்கிறார்கள். சாதாரணச் செடியில் நல்ல வெயில் பட்டால் பொறியின் உட்புறம் சிவக்கும், மற்றவை பச்சையாகவே இருக்கும். இந்த ரகத்திலோ இலைக்காம்பு, பொறியின் வெளிப்புறம் என்று மொத்தச் செடியுமே கருஞ்சிவப்பாகிவிடும். அந்த நிறத்தின் மீதிருந்த ஆசையால் ஒரே இணைய விற்பனையாளரிடம் நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

முதலில் வாங்கியது விதைகள். பொட்டலத்தின் மேல் செக்கச்செவேலென்ற பொறியின் படம். உள்ளே தட்டையான, பழுப்பு நிற விதைகள். உண்மையான வீனஸ் ஃப்ளைட்ராப் விதை கன்னங்கரேலென்று பளபளப்பாக, ஒரு முனை சற்றுக் கூம்பிய துளியைப் போல, கடுகைவிடச் சிறியதாக இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாளே முளை வந்துவிட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. உண்மையான விதை முளைக்க வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்திருந்தால் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன். அகலமான விதையிலைகள் விரிந்தன. அவற்றைத் தொடர்ந்து, ஓரம் வெட்டுப்பட்ட, மயிரடர்ந்த இலைகள் வந்தன. பொறி எங்கே என்று விற்பனையாளரைக் கேட்டதற்கு, "ஆறு மாதம் பொறுங்கள், இந்த இலைகளே பொறியாக மாறும்" என்று பதில் வந்தது. இது முழுப் பொய். வீனஸ் ஃப்ளைட்ராப் நாற்றில் விதையிலைகளுக்கு அடுத்து வரும் முதல் இலையின் நுனியிலேயே, குண்டூசித் தலையளவுக்கு, பற்களோடு கூடிய பொறி இருக்கும். நாற்பது நாள் ஆன நாற்றில் ஒரு பொறியும் இல்லையென்றால் அது வேறு ஏதோ செடி.

இதைவிடப் பெரிய பொய், பெயரிட்ட ரகத்தை விதையாக விற்பதுதான். அகாய் ரியூவின் பூவிலிருந்து எடுத்த விதையே ஆனாலும், அதில் முளைப்பது தாய்ச்செடியின் நகலாக இராது. சில நாற்றுகள் சிவக்கலாம். ஆனாலும் அவற்றை அகாய் ரியூ என்று அழைக்க முடியாது. கிழங்கைப் பிரித்து நடுவது, இலையை அதன் வெள்ளை அடிப்பகுதியோடு பிடுங்கி நடுவது, திசு வளர்ப்பு போன்ற வழிகளில்தான் ரகம் மாறாமல் பெருகும். பெரிய பொறிகளுக்குப் பெயர் பெற்ற 'பி52' ரகத்துக்கும் இதே விதிதான். நீல நிறப் பொறிகளின் படத்தைப் போட்டு விதை விற்பவர்களும் இருக்கிறார்கள். நீல நிற வீனஸ் ஃப்ளைட்ராப் என்று ஒன்று கிடையவே கிடையாது.

நான் விடாமல் முறையிட்டதும், விதைகளுக்கு ஈடாக 'வளர்ந்த அகாய் ரியூ' என்று சொல்லி ஒரு செடியை அனுப்பினார்கள். வந்தது உண்மையான வீனஸ் ஃப்ளைட்ராப்தான், ஆனால் உரம் கலந்த கருப்பு மண்ணில் நட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் போதும், மாதம் ஒருமுறை உரமிடுங்கள், பொறிகளைத் தினமும் தொட்டு மூட வைத்தால் செடி சுறுசுறுப்பாக இருக்கும் என்று ஒரு துண்டுச்சீட்டும் கூடவே வந்தது. மூன்று அறிவுரைகளுமே செடியைக் கொல்லக்கூடியவை என்பதால் இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், சத்தில்லாத ஈர மண்ணில் இயற்கையாக வளரும் இந்தச் செடியின் வேர்கள் உரத்தையும் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் உப்புகளையும் தாங்காது. ஒவ்வொரு பொறியும் சில முறை மூடித் திறந்த பிறகு செயலிழந்துவிடும் என்பதால், விளையாட்டாகத் தொடுவது செடியின் சக்தியை வீணடிப்பதே ஆகும்.

அன்றே வேர்களை மழைநீரில் அலசி, உரம் சேர்க்காத பீட் மாஸும் (சதுப்பு நிலப் பாசி மக்கு) பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) கலந்து நட்டேன். நிறம் வரவில்லையே என்று கேட்டபோது வெயில் போதவில்லை என்றார்கள். நிழலில் வைத்தால் அகாய் ரியூவும் பச்சை கலந்து வெளிறும் என்பது உண்மையே, அதனால் இந்தச் சாக்கை நானும் முதலில் நம்பினேன். ஒரு பருவம் முழுவதும் நேரடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். பொறிகளின் உட்புறம் நன்றாகச் சிவந்தது. வெளிப்புறமும் காம்புகளும் பச்சையாகவே இருந்தன. அந்தப் படங்களை அனுப்பிய பிறகு விற்பனையாளரிடமிருந்து பதிலே இல்லை.

பெயரிட்ட ரகம் வேண்டுமென்றால், தாய்ச்செடியின் படத்தையும் அது எந்த முறையில் பெருக்கப்பட்டது என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். விதையிலிருந்து வளர்த்தது என்று பதில் வந்தால் அத்துடன் விட்டுவிடுங்கள். என்னிடம் வந்த செடி இப்போது ஆரோக்கியமாக இருக்கிறது, போன மாதம் புதிதாக நான்கு பொறிகள் விட்டது. தொட்டியில் 'அகாய் ரியூ' என்று எழுதி வைத்திருந்த சீட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.