வீட்டு நீச்சல் குளத்துக்கு ஹைப்போ டோசிங் பம்ப்: எதை வாங்கலாம், எங்கே சொதப்பும்

வீட்டு நீச்சல் குளத்துக்குத் தானாகக் குளோரின் விட பம்ப் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது ஆர்.ஓ. பிளான்ட்டுக்கு விற்கும் அதே டயாஃபிரம் டோசிங் பம்ப்தான் (ஒரு சவ்வு முன்னும் பின்னும் அசைந்து வால்வு வழியாகத் திரவத்தைத் தள்ளும் வகை). மணிக்கு 6 லிட்டர், 4 பார் அழுத்தம். பம்ப்பில் குறை இல்லை, ஆனால் அது வேறு வேலைக்குச் செய்தது. நம் ஊர் வெயிலில் வீட்டுக் குளத்துக்கு ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவக் குளோரின் விட, மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் (ரோலர்கள் டியூபை அழுத்தித் தள்ளும் வகை) போதும். அதுதான் சரியும்கூட.

கணக்கைப் பாருங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். 50,000 என்றே வைத்துக்கொள்வோம். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியாமல் காக்கும் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட், 30 முதல் 40 பி.பி.எம். (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) உள்ள குளம், நல்ல வெயில் நாளில் 2 முதல் 3 பி.பி.எம். குளோரினை இழக்கும். 3 பி.பி.எம். என்றால் 150 கிராம். பத்து சதவீத ஹைப்போவில் லிட்டருக்கு 100 கிராம் குளோரின் இருக்கும். ஆக ஒரு நாளைக்குத் தேவை ஒன்றரை லிட்டர், அவ்வளவுதான். ஃபில்டர் மோட்டார் 8 மணி நேரம் ஓடினால் மணிக்கு 190 மில்லியைக்கூடத் தொடாது. 6 லிட்டர் பம்ப்பை இதற்கு 3 சதவீதத்தில் ஓட்ட வேண்டிவரும்.

அங்கேதான் சிக்கல். ஹைப்போ சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் குமிழி விடும். வெயில் ஏற ஏற இன்னும் அதிகம். பம்ப் அபூர்வமாகத் தட்டினால், பம்ப்பின் ஹெட்டுக்குள் (சவ்வு இருக்கும் அறை) தேங்கிய ஹைப்போவில் குமிழி சேர்ந்துவிடும். டயாஃபிரம் அந்தக் காற்றையே அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும், வால்வு திறக்காது. விளக்கு மினுக்கும், டிக் டிக் சத்தமும் வரும், குளத்துக்கு ஒரு சொட்டு போகாது. மூன்றாம் நாள் தண்ணீர் பச்சை கட்டும்போதுதான் விஷயம் தெரியும். பெரிஸ்டால்டிக்கில் வால்வை நம்பும் வேலை இல்லை. மடியில் பால் பீச்சுவது போல ரோலர்கள் டியூபை அழுத்திக்கொண்டே போகும். குமிழி வந்தால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடும். அழுத்தம் 1 முதல் 1.5 பார்தான் தாங்கும் என்பார்கள். வீட்டுக் குளத்தின் ரிட்டர்ன் லைனில் (ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் திரும்பும் பைப்) பொதுவாக ஒரு பார்கூட இருக்காது, அதனால் கவலை இல்லை.

இந்த வகைக்கு நாம் கொடுக்கும் விலை, டியூப். சான்டோப்ரீன் என்ற ரப்பர் போன்ற நல்ல ரகமே ஆறு மாதம் முதல் ஒரு வருடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்டால் டியூப் தளர்ந்து அளவு குறையும், பிறகு வெடிக்கும். வெடித்தால் ஹைப்போ ரோலர் மேலேயே கொட்டி மோட்டார் ஷாஃப்டை அரித்துவிடும். எனவே வெடிக்கும்வரை காத்திராமல் தேதி குறித்து மாற்றுவது நல்லது. பம்ப் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதே மாடலுக்கு மாற்று டியூப் இங்கே கிடைக்கிறதா? இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டியூபைவிட அதிகம் ஏமாற்றுவது ஹைப்போ கேன். 10 டிகிரி சூடு கூடினால் அது சிதையும் வேகம் மூன்று, நான்கு மடங்காகும். தகர ஷெட்டில் ஒரு மாதம் கிடந்த கேனில் லேபிளில் உள்ள சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது. 6 சதவீதமாக இறங்கியிருந்தால் அதே 150 கிராமுக்கு இரண்டரை லிட்டர் ஊற்ற வேண்டும். சின்ன கேனாக, புதிதாக வாங்கி, நிழலில் வையுங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சிதைவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் பம்ப் இரு மடங்கு நேரம் ஓட வேண்டும், கலக்குவதும் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். போர் தண்ணீர் கலந்தால் டேங்க்கிலேயே சுண்ணாம்பு படியும்.

பொருத்தும் வேலையில் சில இடங்களைச் சமரசம் செய்யக் கூடாது. ஹைப்போ பைப்புக்குள் நுழையும் இன்ஜெக்ஷன் வால்வு ஃபில்டருக்கும் ஹீட்டருக்கும் அப்பால், ரிட்டர்ன் லைனில் கடைசியாக வர வேண்டும். அதன் முனை பைப்பின் நடுவரை நீள வேண்டும். ஓரத்தில் விட்டால் கடின நீரில் வாயிலேயே சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும். வால்வின் ஸ்பிரிங் சாதா ஸ்டீல் என்றால் ஹைப்போ தின்றுவிடும். அரிப்பைத் தாங்கும் ஹேஸ்டல்லாய் உலோகக் கலவையா, டைட்டானியமா என்று கேட்டு வாங்குங்கள். டேங்க் பம்ப்புக்குக் கீழே, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். மேலே வைத்தால் டியூப் கிழியும் நாளில் டேங்க்கில் உள்ளதெல்லாம் தானாக வழிந்து இறங்கும். அதற்காக டேங்க் மூடிக்கு நேர் மேலே பம்ப்பை மாட்டவும் கூடாது. ஆவி ஏறி போர்டு கெட்டுப்போகும். பக்கவாட்டில் தள்ளி மாட்டுவதே வழி.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஃபில்டர் மோட்டார் ஓடாதபோது டோசிங் பம்ப் ஒரு நொடியும் ஓடக் கூடாது. தண்ணீர் ஓட்டம் நின்ற பைப்பில் ஹைப்போ தேங்கினால், மோட்டார் போட்டதும் அது மொத்தமாகக் குளிப்பவர் மேல் வந்து விழும். அதே லைனில் ஆசிட் டோசரும் இருந்து இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு. ஃபில்டர் மோட்டாரின் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச்) வழியாக டோசருக்கு மின்சாரம் எடுப்பது முதல் படி. மோட்டார் காற்று பிடித்து வெறுமனே சுற்றினால் கான்டாக்டருக்கு அது தெரியாது, ஆகவே லைனில் தண்ணீர் ஓட்டத்தை உணரும் ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். பேக்வாஷ் (ஃபில்டரைத் தலைகீழ் ஓட்டத்தில் கழுவுவது) செய்யும்போது டோசரைக் கையால் நிறுத்துங்கள். ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே அறையில் வேண்டாம்.

ஓ.ஆர்.பி. சென்சார் (தண்ணீரின் கிருமி கொல்லும் திறனை மில்லிவோல்ட்டில் காட்டுவது) வைத்த முழு ஆட்டோமேட்டிக் செட் வீட்டுக்குத் தேவையில்லை. சயனூரிக் ஆசிட் உள்ள தண்ணீரில் அந்த மில்லிவோல்ட் எண் குளோரின் அளவைச் சரியாகச் சொல்லாது. புரோபையும் அடிக்கடி துடைத்துக் கேலிபரேட் செய்ய வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு பின் (அழுத்தி வைக்கும் சிறு முள்) உள்ள சாதா டைமரே போதும். ஒன்றரை லிட்டர் பம்ப்புக்கு நான்கு பின், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. கடைசிப் பின் முடிந்து அரை மணி நேரமாவது ஃபில்டர் ஓட வேண்டும். ஐப்பசி மழையில் ஒன்றிரண்டு பின்னை எடுத்துவிடலாம், அக்னி நட்சத்திரத்தில் சேர்க்கலாம். முதலில் பம்ப்பின் உண்மையான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உறிஞ்சும் குழாயை அளவு ஜாடியில் விட்டு, ஃபில்டர் ஓடும்போதே 10 நிமிடம் ஓட்டினால் 250 மில்லி குறைய வேண்டும்.

டேங்க்கில் மார்க்கரால் லிட்டர் கோடு போட்டு வைப்பது எந்த மீட்டரையும்விட உதவும். குளோரின் குறைகிறது, ஆனால் டேங்க் வழக்கம்போல இறங்குகிறது என்றால் ஹைப்போ வீரியம் போய்விட்டது, அல்லது தண்ணீரில் பாசி கிளம்புகிறது. டேங்க்கே சரியாக இறங்கவில்லை என்றால் டியூப் தளர்ந்தது, அல்லது இன்ஜெக்ஷன் வால்வில் சுண்ணாம்பு. வால்வைக் கழற்றி நிறையத் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே நீர்த்த ஆசிட்டில் ஊறப்போடுங்கள். ஹைப்போ மிச்சம் இருக்கும்போது ஆசிட்டில் போட்டால் அந்தக் கிண்ணத்திலிருந்தே வாயு கிளம்பும்.

டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். ஃப்ரீ குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினைப் பார்க்க, இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மருந்து வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு: குளோரின் 10 பி.பி.எம்.மைத் தாண்டினால் இளஞ்சிவப்பு வெளுத்து, குளோரினே இல்லாதது போலக் காட்டும். அதை நம்பி டைமரில் பின் கூட்டாமல், குளத்துத் தண்ணீரோடு குளோரின் இல்லாத தண்ணீரைச் சம அளவு கலந்து இன்னொரு முறை பாருங்கள்.

வாரக் கடைசியில் மட்டும் போகும் பண்ணை வீடுதான் இந்த பம்ப்பால் அதிகம் பயன் பெறும் இடம். மாதக்கணக்கில் பூட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் டியூபில் தண்ணீர் ஓட்டி அலசி, ரோலரைக் கழற்றி வையுங்கள். ஒரே இடத்தில் நசுங்கிக் கிடந்த டியூப் பிறகு பழைய வடிவுக்குத் திரும்பாது.