கழுத்து டிஸ்டோனியாவோடு மதுரைக்குப் போனால்

லண்டனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்தில், இறுகிய தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போட்டுக்கொள்கிறேன். இந்த முறை மதுரையில் தங்கல் நீண்டுவிட்டது, அடுத்த ஊசியை அங்கேயே போடவேண்டி வந்தது.

"சுளுக்கு எடுக்கிறவர வரச் சொல்லட்டுமாடா?" என்றார் பெரியம்மா. வேண்டாம் என்றேன். மூளையின் கட்டளை பிசகி, தசை தானாக இறுகித் தலையை இழுக்கிற நோய் இது. நீவினால் அடங்காது.

தனியார் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி நெடுநேரம் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் இதே நோய். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையில் நாக்கு வறண்டு, மறதியும் வந்துவிட்டதாம். ஊசிக்குக் காசு கட்டுப்படியாகவில்லை என்றார். அந்த மாத்திரையையும் இந்த ஊசியையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்து, ஊசிதான் மேல், பக்கவிளைவும் குறைவு என்று 1996லேயே எழுதிவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் காசில்லாதவருக்கு மாத்திரைதான் என்பது மனசை அறுக்கிறது.

டாக்டர் அவசரப்படவே இல்லை. கண்ணை மூடச் சொன்னார், தாடையில் விரல் வைத்தால் இழுப்பு குறைகிறதா என்று பார்த்தார். லண்டன் கடிதத்தைப் படித்ததும், "இது எந்த பிராண்டு யூனிட் சார்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அங்கே எனக்கு டிஸ்போர்ட், இங்கே கிடைத்தது போட்டாக்ஸ். இரண்டும் பொட்டுலினத்தில் ஏ வகைதான், ஆனால் யூனிட் கணக்கு வேறு. டிஸ்போர்ட்டில் கழுத்துக்குத் தொடக்க அளவே 500 யூனிட். அதே எண்ணிக்கையில் போட்டாக்ஸ் ஏற்றினால் ஆபத்து. அதனால் ஊருக்குக் கிளம்புமுன் மருந்தின் பெயர், எந்தத் தசைக்கு எத்தனை யூனிட், கடைசியாகப் போட்ட தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்தை நாமே வாங்கித் தரவேண்டும். முன்கூட்டியே சொல்லிவைத்ததால் ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வந்தது. நர்ஸ் குப்பியின் காலாவதித் தேதியைக் காட்டிவிட்டுத்தான் சலைன் கலந்தார். தசையின் மின்துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும் ஈஎம்ஜி ஊசி பின்கழுத்தில் இறங்கியதும் ஸ்பீக்கரில் தகரக் கூரையில் மழை அடிப்பதுபோல் சத்தம். "இதுதான் இழுக்குது" என்று டாக்டர் அங்கேயே மருந்தை ஏற்றினார். ஒரு வாரத்தில் தலை நேரே நிற்க ஆரம்பித்தது.

ஒன்று மட்டும்: ஊசி போட்ட கையோடு விமானம் ஏறாதீர்கள். விழுங்கச் சிரமம் வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். அதுவரை போட்ட டாக்டர் பக்கத்திலேயே இருங்கள்.