ஏழு வருடம், பதினொரு கார்: 1/24 மாடல் கிட் அனுபவம்

என் அலமாரியில் பதினொரு ஸ்போர்ட்ஸ் கார்கள் நிற்கின்றன. வீட்டு வாசலில் நிற்பது ஒரு பழைய ஸ்கூட்டர்.

அலமாரியில் இருப்பவை எல்லாம் 1/24 அளவு, அதாவது நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு நீளம், ஒரு சாணுக்கும் குறைவான பிளாஸ்டிக் கார்கள். பெட்டியில் துண்டு துண்டாக வருகிற கிட்டுகளை வாங்கி, ஏழு வருடத்தில் நானே ஒட்டி முடித்தவை. இதில் இரண்டை, யார் வீட்டுக்கு வந்தாலும் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவேன். மூன்று நான்கு நன்றாகவே வந்திருக்கின்றன. மீதி சுமார் ரகம். "நானும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கார் கிட் என்றால் ஒட்டுகிற வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். டாங்கி, போர் விமானம் செய்கிறவர்களுக்கு அது ஓரளவு சரி. அங்கே பெயிண்ட் சொதப்பினால் மேலே கொஞ்சம் சேற்றைப் பூசி, புகை படிந்த மாதிரி காட்டித் தப்பிக்கலாம். ஸ்போர்ட்ஸ் காரில் அந்தப் பாச்சா பலிக்காது. ஷோரூமில் நிற்கிற பளபளப்பு வேண்டும், அதில் ஒரு தூசி விழுந்தாலும் நேராகக் கண்ணில் குத்தும். ஒட்டுவதற்கு ஒரு வாரம், பாடிக்குப் பெயிண்ட் அடித்து முடிக்க இரண்டு மாதம். என் கணக்கு இதுதான்.

நான் வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் ஷிசுவோகாவிலிருந்து வந்தவை. டமியா, ஆஓஷிமா, ஃபுஜிமி, ஹசெகாவா எல்லாமே அந்த மாகாணத்துக் கம்பெனிகள்தான். பட்டாசுக்குச் சிவகாசி மாதிரி மாடலுக்கு ஷிசுவோகா. டமியா 1946-இல் மரம் அறுக்கிற கடையாக ஆரம்பித்து, மரத்தில் மாடல் செய்து, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1/12 அளவில் போர்ஷே 934 கிட்டை 1976-இல் கொண்டுவருவதற்காக, அதன் மூல வண்டியான நிஜ போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் அச்சு வெட்டினால் பாகங்கள் ஏன் பொருந்தாது? அமெரிக்கக் கார் கிட்டுகள் பல 1/25 அளவில் வரும். பக்கத்தில் வைத்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது, பயப்பட வேண்டாம்.

என் முதல் காரின் கதைக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பாடி சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்தது. எனக்கு வெள்ளைக் கார் வேண்டும். அடித்தேன். அன்றைக்கு ராத்திரி பால் மாதிரி இருந்தது. மறுநாள் காலை லேசான ரோஸ். சரி, மேலே இன்னொரு கோட் அடித்தால் மறைந்துவிடும் என்று அடித்தேன். இன்னும் ரோஸ். நாலாவது கோட்டில் கார் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்து நின்றது, கதவைச் சுற்றியுள்ள கோடுகளும் பெயிண்டில் பாதி மூடிப்போயின. பெயிண்டில் இருக்கிற கரைப்பான் அடியில் உள்ள பிளாஸ்டிக்கின் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துவிடுகிறது, எத்தனை கோட் அடித்தாலும் அது ஏறி வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. இடையில் ஒரு வெள்ளிக் கோட் போட்டு அடைத்துவிட்டு வெள்ளை அடிக்க வேண்டும். அதிலிருந்து சிவப்பு பாடி வந்தால் சிவப்புக் கார்தான். பிளாஸ்டிக்கோடு எதற்கு வீண் சண்டை?

பெயிண்டின் தடிமனும் சாதாரண விஷயமில்லை. நிஜக் காரில் கதவு இடுக்கு நாலு, ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். 1/24-இல் அது 0.2 மில்லிமீட்டர். அதற்குள் நாலு கோட் பெயிண்ட் போனால் கதவு இருந்த இடமே தெரியாது. இப்போது பெயிண்ட் எடுப்பதற்கு முன்னால் கத்தி முனையால் எல்லாக் கோடுகளையும் ஒருமுறை ஆழமாகக் கீறி விடுகிறேன்.

அடுத்த எதிரி சென்னைக் காற்று. கேனில் வருகிற ஸ்ப்ரே பெயிண்ட் அழுத்தத்தோடு இருக்கிற, தீப்பிடிக்கிற சரக்கு. விமானத்தில் லேசில் ஏற்ற மாட்டார்கள், அதனால் நினைத்த நிறம் நினைத்தபோது கிடைக்காது. நான் இரண்டாவது வருடமே காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவுகிற, 0.3 மில்லிமீட்டர் முனை உள்ள ஏர்பிரஷ்ஷும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு ஐப்பசி மழையில் கறுப்பு அடித்தேன். அரை மணி நேரத்தில் கூரை முழுவதும் சாம்பல் பூத்துவிட்டது. தேய்த்தாலும் போகவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு டிங்கரிங் பெயிண்டிங் கடை. பாடியைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அந்த அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொம்மையா?"

"ஆமாண்ணே. ஏண்ணே இப்படிப் பூத்துப்போச்சு?"

"மழையில அடிச்சியா? தின்னர் ஆவியாகும்போது மேல்பக்கம் சில்லுனு ஆயிடும். காத்துல இருக்கிற ஈரம் அது மேல உக்காந்துக்கும். நாங்களே மழை நாள்ல ஸ்லோ தின்னர் கலக்காம அடிக்க மாட்டோம். மொதக் கோட்டு தூசி தூவுன மாதிரி இருக்கணும், ஒரேயடியா மூடணும்னு பாக்காத."

ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் இதுதான், காசும் வாங்கவில்லை. ஜி.எஸ்.ஐ. கிரியோஸ் கம்பெனியின் மிஸ்டர் லெவலிங் தின்னர் செய்வதும் இதே வேலைதான். உலர்வதைத் தாமதப்படுத்துகிற சரக்கு அதில் கலந்தே வருகிறது. விலை உறுத்தும், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற என்.சி. தின்னர் இதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமோடு கொடுக்கிற பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றில் சோதித்துப் பார்த்தேன். ஸ்பூனின் மேல்பக்கம் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துவிட்டது. அந்த ஸ்பூன்களை இப்போது கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறமும் முதலில் ஸ்பூன் முதுகில்தான் ஏறும், அப்புறம்தான் பாடிக்கு.

இப்போது என் நேரம், மாசி முதல் சித்திரை வரை, முற்பகல் பதினொன்றிலிருந்து கடல்காற்று எழும் வரை. மின்விசிறி கிடையாது. மொட்டை மாடிக்குப் போகிற படியில் உட்கார்ந்து, கரிவடிகட்டி வைத்த முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறேன். வேர்த்துக் கொட்டும். வேர்வை பாடி மேல் சொட்டாமல் நெற்றியில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். லாக்கர் பெயிண்ட் வாடை வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை, குடும்பஸ்தர்களுக்குப் புரியும்.

சரி, ஒட்டுவதில் சந்தோஷமே இல்லையா? இருக்கிறது. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது டமியாவின் மெர்சிடிஸ் 300 எஸ்எல். 1954-இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான கார், கதவு இரண்டும் பறவைச் சிறகு மாதிரி மேலே திறக்கும். மூடிய கூரையோடு மொத்தம் 1,400 வண்டிகள்தான் செய்தார்கள். அந்தக் கதவை நான் அதுவரை வெறும் ஷோக்கு என்றே நினைத்திருந்தேன்.

கிட்டைப் பிரித்தால் பாடிக்கு முன்னால் கையில் வருவது ஒரு குழாய்ச் சட்டகம். ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் முக்கோணம் முக்கோணமாக ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் குழாய்க் கூடு உட்காருகிறவரின் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கும். சாதாரணக் கதவு வைக்க இடமே கிடையாது. கூரையைப் பிளந்து மேலே திறப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிருக்கிறது. என் அக்கா மகன் ஒரு நாள் கேட்டான், "மாமா, கதவு ஏன் மேல தொறக்குது?" சட்டகத்தைத் தனியாகக் காட்டி, பொம்மையின் கால் எங்கே நுழையும் பார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பாட்டியால ஏற முடியாது" என்றான். பாட்டியை விடுங்கள், ஓட்டுகிறவர் ஏறுவதற்கே ஸ்டியரிங் வீலை மடக்கி வைக்கிற ஏற்பாடு நிஜக் காரில் இருந்தது.

எஞ்சினும் அப்படித்தான். ஆறு சிலிண்டர் எஞ்சினை நிமிர்த்தி வைத்தால் பானட் மூடாது என்பதால் இடதுபக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற பாஷ் பம்ப், காற்று உறிஞ்சுகிற வளைந்த குழாய்கள் எல்லாம் கிட்டில் தனித்தனிப் பாகங்கள். இதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், நிதானம் போதாமல் சட்டகத்தின் ஒரு குழாயை நிப்பரால் நானே ஒடித்தும் வைத்தேன். ஸ்ப்ரூவை, அதாவது பாகங்களைத் தாங்கி வருகிற பிளாஸ்டிக் சட்டத்தை, உருக்கி இழுத்துக் கம்பி செய்து ஒட்டினேன், இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பானட்டை மூடினால் இவ்வளவு வேலையும் மறைந்துபோகிறது என்பது வேறு விஷயம். எஞ்சின் உள்ள கிட்டா, வெளித்தோற்றம் மட்டும் உள்ள கிட்டா என்று கேட்டால், முதல் மூன்று கார்களுக்கு எஞ்சின் இல்லாததை எடுங்கள். பெயிண்ட் கைக்கு வரட்டும்.

300 எஸ்எல்லுக்கு வெள்ளி நிறம். நிஜக் கார்களுக்கான டச்அப் மெட்டாலிக் வாங்கி அடித்த ஒரு பழைய முயற்சி பின்வரிசையில் நிற்கிறது. அந்தப் பெயிண்டில் உள்ள மினுக்குத் துகள் நிஜக் காருக்கு அளவானது, 1/24-இல் ஜிகினா ஒட்டிய மாதிரி இருக்கும். மாடலுக்கென்று செய்த வெள்ளியில் துகள் மாவு மாதிரி நைஸாக இருக்கும். அடியில் பளபளப்பான கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு கீறல் இருந்தால்கூட வெள்ளி அதை மறைக்காது, ஊருக்கே எடுத்துச் சொல்லும்.

ஒட்டுவதில் தெரிந்துகொண்ட சில்லறை விஷயங்கள். சிமெண்ட் என்று சொல்கிற, தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய பிளாஸ்டிக் பசை, இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் தானே உள்ளே ஓடி பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்துவிடும். குரோம் பூசிய பாகத்தில் ஒட்டுகிற இடத்துக் குரோமைச் சுரண்டாவிட்டால் பசை பிடிக்காது. கண்ணாடிப் பாகத்துக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பனி படிந்துவிடும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது, வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

கிட் விமர்சனங்களில் பெட்டி திறந்த அன்றைக்கு எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தாறு வருடம் அலமாரியில் நின்றபின் என்ன ஆகிறது? ஒரு காரின் மென்மையான டயர் தான் நின்ற பிளாஸ்டிக் பெட்டியின் தரையை மெல்லத் தின்று நாலு பள்ளம் போட்டுவிட்டது. டயரில் உள்ள எண்ணெய்ச் சத்து கசிந்து பிளாஸ்டிக்கை இளக்குவதால் வருகிற வினை. அதிலிருந்து டயருக்கு அடியில் சின்ன அலுமினியத் தாள் துண்டு வைக்கிறேன். ஒட்டாமல் வைத்திருந்த ஒரு கிட்டின் டீகால், அதாவது கார் மேல் ஒட்டுகிற படத்தாள், பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு இரண்டு வாரம் வெயில் காட்டியதும் பாதி வெளுத்தது. கோடுகளை எடுப்பாகக் காட்டுவதற்காக எனாமல் கறுப்பை ஓடவிட்ட ஒரு கார், சக்கரத்துக்குப் பக்கத்தில் முடி மாதிரி விரிசல் விட்டது. இறுக்கமாக நிற்கிற இடத்தில் எனாமல் தின்னர் இறங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கும். இப்போது பளபளப்புக் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான் விடுகிறேன்.

தூசிதான் தினசரித் தொல்லை. துணியால் துடைத்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும். மேக்கப் பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

செலவு? கிட்டுக்கு நான் கொடுத்தது மூவாயிரம் முதல் ஆறாயிரம் ரூபாய் வரை. அதில் பெரிய கவலை இல்லை. ஏர்பிரஷ், கம்ப்ரஸர், முகமூடி, தின்னர் எல்லாம் சேர்ந்து முதல் வருடத்தில் நாலு கிட் விலையை விழுங்கிவிட்டன. பட்ஜெட் குறைவு என்றால் விலை உயர்ந்த கிட்டை விட்டுவிட்டு நல்ல தின்னர் வாங்குங்கள். பொறுமை குறைவு என்றால் உலோகத்தில் வார்த்துச் செய்து முடித்த டைகாஸ்ட் கார் வாங்கிக்கொள்ளுங்கள், இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பன்னிரண்டாவது கார் ஒரு நிஸ்ஸான் ஃபேர்லேடி 240 இசட்ஜி, நீட்டிய மூக்கு வைத்தது. பாடிக்கு ப்ரைமர் அடித்து, 2000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பழைய முறுக்கு டப்பாவுக்குள் மூடி வைத்திருக்கிறேன். வெளியே கார்த்திகை மழை. டப்பா எப்போது திரும்பி வரும் என்று அடுப்படியிலிருந்து இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. பொங்கல் கழியட்டும் என்றிருக்கிறேன்.