பஜ்ஜியா, சுண்டலா, பானி பூரியா: மருந்துக்கு அடங்காத கிருமி எதில் குறைவு?

மெரினாவில் சாயங்காலம் பசித்தால் கண்ணில் படுபவை மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பானி பூரி, வெட்டி வைத்த பழம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி எதில் குறைவு என்ற ஒரே கணக்கில் நிறுத்தினால், கொழுப்பு என்று நாம் திட்டித் தீர்க்கும் பஜ்ஜிக்குத்தான் முதலிடம்.

காரணம் எளிது. மருந்தை எதிர்க்கும் கிருமிக்குத் தீயை எதிர்க்கும் சக்தி கிடையாது. மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவான எம்.ஆர்.எஸ்.ஏ. ஆனாலும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆனாலும் கொதிக்கும் எண்ணெயில் ஒரே கதிதான். வாணலியை விட்டு வெளியே வந்த பிறகுதான் வம்பு. பத்தில் மூன்று பேர் மூக்கில் இந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட கை, காசு வாங்கிய கை, பஜ்ஜி எடுக்கும் கை எல்லாம் ஒன்று. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து மணிக்கணக்கில் வெளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டால் முதலிடம் பறிபோகும்.

சுண்டல் பாதி பத்திரம். பட்டாணி வெந்ததுதான், மேலே தூவும் தேங்காயும் மாங்காயும் வேகாதவை. தூக்கில் சுமந்து விற்கும்போது சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அங்கிருந்து 5 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வாகான சூட்டில், குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆவி பறந்தால் வாங்கலாம். ஆறியதை மறுபடி சுட வைத்துக் கொடுத்தால் வேண்டாம், ஸ்டெஃபைலோகாக்கஸ் கக்கிய நஞ்சு கொதித்தாலும் போகாது.

என் பட்டியலில் கடைசி பானி பூரி. பூரி மேல் குற்றமில்லை, அது காய்ந்த பண்டம். பானிதான் சிக்கல்: எந்தத் தண்ணீர், எந்த ஐஸ், எத்தனை தடவை கை முங்கியது? புளியின் புளிப்பு கொஞ்சம் அடக்கும், ஒழிக்காது. உறைய வைத்தாலும் கிருமி சாகாது. 2011-இல் வெளியான டெல்லி ஆய்வில், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-இலும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே செல்லாக்காசாக்கும் மரபணு அது. டெல்லிக் கதைதானே என்று விட முடியாது. அதற்கு முந்தைய வருடமே சென்னை நோயாளிகளிடமும் அது பதிவாகியிருந்தது.

பழத்தில் அன்னாசி பரவாயில்லை, புளிப்பு உண்டு. தர்பூசணியில் அதுவும் இல்லை. பக்கத்துக் கடையில் நாமே தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம் கிடைத்தால் இந்தப் போட்டியே தேவையில்லை.

“வருஷக்கணக்கா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகலையே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்ப்பு மரபணு சுமக்கும் ஈ.கோலை பெரும்பாலும் வயிற்றைக் கலக்காது. குடலில் சத்தமில்லாமல் தங்கி, அந்த மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கடத்தும். பிறகு எப்போதோ சிறுநீர்த் தொற்று வரும்போது மாத்திரை கேட்காது.

வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையா, உப்புச் சர்க்கரைக் கரைசலா? வெளிநாடு போய்த் திரும்பிய 430 பின்லாந்துப் பயணிகளிடம் 2015-இல் வெளியான ஆய்வு இப்படிக் கண்டது: போக்கே வராதவர்களில் 11 சதவீதம் பேர் எதிர்ப்புக் கிருமியோடு திரும்பினார்கள், போக்கு வந்தும் ஆன்டிபயாடிக் போடாதவர்களில் 21, போட்டவர்களில் 37. காய்ச்சலோ ரத்தமோ இல்லாத சாதாரணப் போக்குக்கு நான் கரைசல் பக்கம்.