ஆர்.எக்ஸ். 100 கிராங்கை பார்சலில் அனுப்பப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: 18,500 ரூபாய் போச்சு

பார்சல் நேற்று வந்தது. பிரித்துப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. நாலு பேராவது உஷாராகட்டும் என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

வீட்டு வாசலிலேயே வைத்து ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கைக் கழற்றித் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். டேங்க் துரு எடுப்பது, வயரிங் புதிதாக இழுப்பது, கார்ப்ரேட்டர் கழுவுவது, தாழ்வான ஹேண்டில்பார், ஒற்றை சீட் எல்லாம் நானே செய்ததுதான். ஆனால் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) வேலை மட்டும் வீட்டில் நடக்காது. டூ-ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே துண்டு கிடையாது. வெப் எனப்படும் இரண்டு கனமான இரும்பு வட்டுகளுக்கு நடுவில் பின்னை ஏற்றி அழுத்தி வைத்திருப்பார்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் மாற்ற வேண்டுமென்றால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்து, திரும்ப ஏற்றி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகோல்) வைத்து, சுற்றும்போது வரும் ஆட்டத்தை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குள் கொண்டுவர வேண்டும். சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து அகலப்படுத்தும் போரிங்கும் அப்படித்தான், மெஷின் இல்லாமல் முடியாது. வீட்டில் வண்டி கட்டுகிறவன் வெளியாளிடம் கையேந்துவது இந்த இரண்டுக்கும்தான். இது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

பட்டறை பெயர் சொல்லப் போவதில்லை. கொங்குப் பக்கம் இருக்கும் லேத் பட்டறை, பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரம், 'டூ-ஸ்ட்ரோக் மட்டுமே செய்கிறோம்' என்று வாரம் ஒரு வீடியோ. கிராங்க் ராட் கிட், பேரிங், ஆயில் சீல், 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (அளவில் பெரிய) பிஸ்டன், போரிங், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். முன்பணம் 10,000, மீதி 8,500 அனுப்பும்போது.

நான் எங்கே விழுந்தேன் தெரியுமா? பார்சல் போய்ச் சேர்ந்ததும் பட்டறைக்காரரே வீடியோ காலில் வந்தார். என் கண்ணெதிரே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். கிராங்கைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்ணா, இது ஜப்பான் பீஸுங்ணா! கைல புடிச்சாலே தெரியுது. இத வேற யாருகிட்டயும் குடுத்துறாதீங்க, மாத்திப் போடுவாங்க" என்றார். திருடனே வந்து பூட்டு வாங்கச் சொல்வதுபோல! ஆனால் அந்த நேரத்தில் பொருளின் அருமை தெரிந்த ஆளிடம்தான் போயிருக்கிறது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி இது. பழைய அசல் கிராங்குக்கு இன்றைக்கு என்ன கிராக்கி என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "பிஸ்டன் வந்துட்டிருக்குதுங்ணா." "பிரஸ் ரிப்பேருங்ணா." "லேத்துல நிக்கற பையன் ஊருக்குப் போயிட்டானுங்ணா." ஒருநாள் போனை எடுத்த வேறொரு ஆள், "அவரு கோயிலுக்குப் போயிருக்காரு" என்றார். பின்னணியில் கேட்டது அவர் குரல்தான்! நடுவில் ஒரு வீடியோ வந்தது. டயல் கேஜ் முள் அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்த தெம்பில்தான் மீதி 8,500-ஐயும் அனுப்பினேன். அந்த வீடியோவில் கிராங்கின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும்.

என் கிராங்கின் இடது வெப்பில் பழைய மெக்கானிக் யாரோ சென்டர் பஞ்சால் (இரும்பில் குழிப்புள்ளி அடிக்கும் கூர்முனை) இரண்டு புள்ளி அடித்து வைத்திருந்தார். அனுப்புமுன் எடுத்த போட்டோவில் அது தெளிவாக இருக்கிறது. வந்த கிராங்கில் புள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் 'டக் டக்' என்று ஆடுகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல்கீழாக ஆடவே கூடாது. ராட் கிட்டைக்கூட மாற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

போரிங்குக்கு அனுப்பிய சிலிண்டர் பிளாக்கைச் சொல்லட்டுமா? பளபளவென்று வெள்ளி பெயிண்ட். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் உடைந்த ஃபின்னில் (சூட்டை வெளியேற்றும் வெளித்தகடு) வெல்டிங் தழும்பு. பிஸ்டன் தலையில் 0.50 என்று இருக்கிறது, சரி. ஆனால் சிலிண்டர் துளைக்குள் விட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் செருகினால் 0.15 மில்லிமீட்டர் பிளேடு வழுக்கிக்கொண்டு போகிறது. இருக்க வேண்டிய இடைவெளி அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே தாராளம். இதைப் போட்டு ஓட்டினால் பிஸ்டன் சுவரில் அடித்து அடித்தே சாகும். இதற்கா 18,500 ரூபாய்?

கேட்டால், "அனுப்புனது உங்க பீஸேதானுங்ணா, கொரியர்ல மாத்தியிருப்பாங்க." புள்ளி போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலத்துக்குள் பிளாக். (சிலிண்டர் பிளாக் இல்லை, என் நம்பரை!) ஆப்காரர்கள் அதற்கு மேல்: "விளம்பரம் காட்டுவது மட்டுமே எங்கள் சேவை, வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை." வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் சார் என்று முடித்துவிட்டார்கள். சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. என் 18,500 ரூபாயையும் என் கிராங்கையும் விடுவதாக இல்லை.

எஞ்சின் வேலைக்கு ஆள் பிடிப்பது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு ஆத்திரத்தில் நினைவுக்கு வருவது இவ்வளவுதான். அனுப்பும் ஒவ்வொரு பாகத்திலும் உங்கள் அடையாளம் ஒன்று போட்டு, போட்டோ எடுத்து, அதை அவர்களுக்கே முதலில் அனுப்பிவிடுங்கள். பாகம் கைக்கு வந்து அளந்து பார்க்கும்வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள். வீடியோ கேட்டால் அடையாளம் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நம்பர் அடித்த கிராங்க் கேஸை (எஞ்சினின் அடிக்கூட்டை) மட்டும் பார்சலில் விடவே விடாதீர்கள், அதை மாற்றினால் ஆர்.சி.யோடு (வண்டிப் பதிவுச் சான்று) மல்லுக்கட்ட வேண்டிவரும். நல்லவேளை, என் கிராங்க் கேஸ் வீட்டில்தான் இருக்கிறது.

பெயரைத் தனியாகக் கேட்காதீர்கள், வழக்கு முடியட்டும். ஆனால் சமீபத்தில் கொங்குப் பக்கத்திலிருந்து 'ஜப்பான் கிராங்க்' என்று யாராவது வாங்கியிருந்தால், இடது வெப்பில் இரண்டு பஞ்ச் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அது என்னுடையது.