பூட்டனுக்கு ரெண்டு விரல் கூடுதலாகப் போட்டுக்கொடுத்த ஸ்டூடியோ

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் பழைய படங்களைச் சரிபண்ணிக் கொடுக்கிற ஒரு ஸ்டூடியோவுக்குப் போன மாதம் எங்கள் பூட்டனின் படத்தைக் கொண்டுபோனேன். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அந்தத் தம்பி கெட்டவன் இல்லை, வேலையும் தெரிந்தவன்தான். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே படத்தைத் தூக்கிக்கொண்டு இந்த மாதிரி கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது.

படம் 1950 வாக்கில் எடுத்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்தியாவிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அநேகமாக எல்லாரும் நாடில்லாதவர்கள் ஆகி, 1949 சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு மனு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம் (1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள்). மனு விஷயமாக டவுனுக்கு வந்தவர் அப்படியே படமும் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டில் ஒரு மெடல், வலது கையை முழங்கால் மேல் விரித்து வைத்திருப்பார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்காது. கையை மடக்கிக்கொள்ளச் சொல்லி போட்டோக்காரர் சொன்னாராம், இவர் மாட்டேன் என்றுவிட்டாராம்.

ஆள் திருச்சிப் பக்கம். முதல் உலக யுத்தத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பாலம், பாதை போடுகிற பட்டாளம். பெங்களூரில் பயிற்சி, அங்கிருந்து கப்பலில் மெசொப்பொத்தேமியா, இன்றைய ஈராக். எங்கள் வீட்டில் அதை 'பஸ்ரா சண்டை' என்றுதான் சொல்வார்கள். 1917 பெப்ரவரியில் வெள்ளைக்காரப் படை டைகிரிஸ் ஆற்றைப் படகுப் பாலம் போட்டுத் தாண்டியது, மார்ச் 11இல் பாக்தாத் விழுந்தது. விரல் போனது அந்த ஆற்றங்கரையில். குண்டு பட்டது என்று தாத்தா சொல்வார், படகு இழுக்கிற கயிற்றில் மாட்டியது என்று அத்தை சொல்லும்.

ஊருக்குத் திரும்பினால் ஏர் பிடிக்க முடியாத கை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பேச்சை நம்பி மண்டபம் கேம்ப், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார் என்று இங்கே வந்துவிட்டார். இங்கே மட்டும் என்ன, அந்தக் கையால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியுமா? கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடை இறக்கிவைக்க விட்டார்கள், ராத்திரி ஸ்டோர் காவல். விடிந்தால் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், முன்னால் நிற்பாராம், பட்டாளப் பழக்கம். ஆனால் கணக்கப்பிள்ளை செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், அவருக்கு எழுதுவது அரைப்பேர், பாதிச் சம்பளம். கடைசி வரைக்கும் அரைப்பேர்தான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாருக்கும் 'பட்டாளத்தார்', செக்ரோலில் அரை ஆள்.

மெடல் ரெண்டு இருந்தது. வெள்ளி மெடல் ஒரு கல்யாணச் செலவில் அடகுக்குப் போய் திரும்பவில்லை. மற்றது வெண்கலம், எவனும் அடகு பிடிக்கமாட்டான், அதனால் தப்பியது. றெக்கை வைத்த ஒரு பொம்பளை நிற்கும். விளிம்பில் நம்பர், பேர், பட்டாளத்துப் பேர் எல்லாம் பொறித்திருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள், முகத்தை அல்ல.

சரி, கடைக்கு வருவோம். ஃபிரேமோடு நாலாயிரம் ரூபாய், நாலு நாளில் தருவதாகச் சொல்லி ஒன்பது நாள் ஆனது. வாங்கிப் பார்த்தால் முகம் அப்படியே உயிரோடு இருக்கிறது, செல்லரித்த மூலை தெரியவே இல்லை, பின்னால் தொங்கிய திரைச்சீலையின் மடிப்பு கூடத் தெளிவு. கண் கீழே வந்தது. முழங்கால் மேல் அஞ்சு விரல், நகத்தோடு.

"அண்ணே, கையில டேமேஜ் இருந்திச்சு, சரிபண்ணிட்டேன்" என்றான், சந்தோஷமாக.

"தம்பி, அது படத்து டேமேஜ் இல்ல, கையோட டேமேஜ்."

பாவம், அவன் முகம் போன போக்கு. கம்ப்யூட்டர் தானாகவே போட்டதாம். பட்டாளம் என்று நான் சொன்னதைக் கேட்டு, தோட்டத்துத் தொரை கொடுத்த பழைய கறுப்புக் கோட்டுக்குக் காக்கி வேறு பூசியிருந்தான். மெடல் ரிப்பனுக்கு நீலம். அது நடுவில் சிவப்பு வைத்து இரண்டு பக்கமும் வானவில் மாதிரி விரிகிற ரிப்பன். போனில் மெடலைப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டாம் தடவை சரியாக வந்தது. விரலை எடுக்கத்தான் ரொம்ப நேரம் பட்டான், பக்கத்தில் உட்கார்ந்து இங்கே வெட்டு, இங்கே தோல் மடிந்திருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல. முதலிலேயே எது கிழிசல், எது காயம் என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்துக் கொடுத்திருக்கவேண்டும், அது என் தப்பு. காசு மட்டும் மேலே கேட்கவில்லை.

அஞ்சுக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றரை குறைந்தது கேட்காமல் கை வைத்ததற்கும் ஒன்பது நாளுக்கும்.

தப்பாக அடித்த முதல் படத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அத்தை விடவில்லை. விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் முழுப்பேர் போட்டானுகளே" என்று முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய்விட்டது.